உளப்பாடு

சிக்குன்குனியா என்பது மக்கோண்டே மொழிச் சொல்.
முறுக்கி வளைப்பது என்று பொருள் சொல்கிறார்கள்.
ஆப்பிரிக்கக் கரையில் யாரோ மூட்டைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல்
யாரும் மொழிபெயர்க்காமலே பராகுவே வந்து சேர்ந்தது,
ஒரு பிப்ரவரியில், செம்மண் சாலை வழியே,
பழைய லாரி டயருக்குள் தேங்கிய நீரில்.

அதைப் பற்றிய கட்டுரைக்குத்தான்
வழிநெடுகச் சுங்கச்சாவடி.
ஆங்கிலத்தில் எழுதி, பூட்டி வைத்து,
யாரோ காசு கட்டித் திறந்து,
அசுன்சியோனில் ஸ்பானியத்தில் சுருக்கி, முத்திரை குத்தி,
தக்வாராத்தி சுகாதார நிலையத்துக்கு
இரண்டு பக்கமாக அது வந்தபோது
அடுத்த கோடை வந்துவிட்டது,
கொசுவும்.
மேலே பேனாவில் ஒரு குறிப்பு:
குவாரனியில், வானொலிக்கு. அவசரம்.

துணைச் செவிலி சுனில்டா
தெரெரே குவளையை நகர்த்தி வைத்துவிட்டு
பென்சிலைச் சீவினாள்.
வைரஸுக்கு வைரஸ் என்றே போட்டாள்.
பேறுகாலத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தால்
குழந்தைக்கு நாலாம் நாள் தொடங்கலாம்,
பால் குடிக்காது, வெட்டி இழுக்கும்:
இதெல்லாம் தானாக வந்தது.
அவள் மாட்டிக்கொண்டது ஒரு சின்னச் சொல்லில்.

ஆங்கிலத்தில் அது ஒன்று.
ஸ்பானியத்திலும் கேட்பவர் உள்ளேயா வெளியேயா தெரியாது.
குவாரனியில் தப்பிக்க முடியாது:
ஞந்தே என்றால் நாம், நீயும் உள்ளே.
ஒரே என்றால் நாங்கள், நீ வெளியே.
(நம் காதில் ஒரே என்பது ஒன்றாய் இருப்பது.
அங்கே அது கதவைச் சாத்துவது.)
நம் இலக்கணக்காரர்கள் இதற்கு உளப்பாடு என்று பெயர் வைத்தார்கள்.
சுனில்டாவிடம் பெயர் இல்லை, சங்கடம் இருந்தது.

‘இருபத்தேழு சிசுக்களைக் கவனித்தோம்.’
கவனித்தவர்கள் ஆய்வாளர்கள். ஒரே.
‘இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.’
ஒரே. இங்கே கை மெதுவானது.
அனுப்பும் சீட்டில் அவள் கையெழுத்தும் உண்டு.
‘நால்வரை இழந்தோம்.’

நாங்கள் என்று போட்டால்
மருத்துவர்களின் நட்டக்கணக்கு போல ஆகிவிடும்.
குவளையில் பனிக்கட்டி கரைந்து முடிந்தபின்
ஞந்தே என்று எழுதினாள்.
கருணை என்று நினைத்துத்தான் எழுதினாள்.

காலை ஐந்தரைக்கு வாசித்தாள்.
மரவள்ளி வெந்துகொண்டிருந்த அடுப்படிகளில்,
பால் கறக்கும் இடங்களில் கேட்டது:
நால்வரை நாம் இழந்தோம்.

ஐந்து ஐம்பதுக்குத் தொலைபேசி.
எலாடியா, டெர்லிஸின் மனைவி.
கட்டுரையில் அவள் மகள் பதினோராம் எண்.
குரல் உயரவில்லை.
‘நாம் என்று சொல்லாதே சுனில்டா.
இழந்தது ஒரே.
நான், டெர்லிஸ், மூத்தவன்.
இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமா என்று அன்றைக்குக் கேட்டேன்.
டாக்டருக்கு என் பேச்சு புரியவில்லை.
உனக்குப் புரிந்தது.’

மறுநாளும் அதே நேரம், அதே தாள்.
‘நாங்கள் அனுப்பினோம்.
ஒரு தாய் கேட்டும் அனுப்பினோம்.
நீங்கள் இழந்தீர்கள்.’
நடுவரி மூலத்தில் இல்லை.
ஆங்கிலத்துக்கு அது இனிப் போகப்போவதும் இல்லை.

கடைசி வாக்கியம் மிச்சம்:
இனி ஏழு நாள் வைத்துப் பார்ப்போம்.
தாளில் அந்த இடத்தில் ஒரே அடித்திருந்தது,
ஞந்தேயும் அடித்திருந்தது.
நிலையத்தில் இருப்பவை மூன்றே கட்டில்கள்.
ஒலிவாங்கியில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு ஞந்தே என்றாள்,
கேள்வி கேட்பதுபோல.

பத்து மணிக்கு ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது.
நிறைமாதம், காய்ச்சல்,
ஈரத்துணி நெற்றியில்.
பின்னால், கயிற்றால் கட்டி,
அவர்கள் வீட்டுக் கட்டில்.