நாலு விரல்

ஒன்பதடி ஆழத்தில் நிற்கிறேன்
செருப்புக் காலோடு.
நீந்தத் தெரியாதவள் இவ்வளவு ஆழம் வர
தண்ணீர்தான் விலக வேண்டியிருந்தது.

பேரூராட்சி நீச்சல் குளம்.
அறுபத்தெட்டில், பினாங்குப் பணத்தில் கட்டியது.
நாளொன்றுக்கு நாலு விரல் குறைகிறது.
ஒரு விரலை வெயில் குடிக்கும், ஒப்புக்கொள்கிறேன்.
மிச்சம் மூன்று விரல் எங்கே என்று
பதினோரு வருஷமாகக் கோப்பு கேட்கிறது.
பள்ளத்தூரில் தண்ணீர் தங்கவில்லை என்றால்
யார் நம்புவார்?

கூட்டம் போட்டார்கள்.
முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினால்
நூறு வருஷம் கசியாது,
எங்கள் வீட்டுச் சுவரே சாட்சி என்றார் சாத்தப்பன்.
எத்தனை முட்டை,
எஸ்டிமேட்டில் எந்தத் தலைப்பில் எழுத, என்றேன்.
சிரித்தார்கள். டீ வந்தது.
கொடையாளரின் பேரன்
சிங்கப்பூரிலிருந்து செல்போன் திரையில் தலைநீட்டி
கல்வெட்டில் ஐயா பெயர் கொஞ்சம் பெரிதாக, என்றார்.
சிக்னல் போய்
‘பெரிதாக’ என்ற வாயோடு உறைந்து நின்றார்.

மோட்டார் அறை அன்வர்தீன்
கோல நீலத்தைக் கரைத்து
விரிசல் விரிசலாக ஊற்றிப் பார்த்தார்.
நீலம் எந்த விரிசலுக்குள்ளும் போகவில்லை.
எங்களைப் போலவே
அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது.

விடை குளத்தில் இல்லை, பீரோவில் இருந்தது.
கீழ் அடுக்கில்,
கறையான் விட்டுவைத்த பாதித் தாளில்:
‘ஐயா, எங்கள் தெருக் கிணற்றில்
பிளீச்சிங் வாடை அடிக்கிறது.
சோறு வெந்தாலும் போவதில்லை.
இப்படிக்கு முத்திருளாயி
மற்றும் பதினாறு கைநாட்டு.’
ஓரத்தில் சிவப்பு மையில்:
பார்வையிடப்பட்டது. நடவடிக்கை தேவையில்லை.
வருஷம் தொண்ணூற்றொன்பது.

செம்பூரான் மண்ணுக்கு
ரகசியம் காக்கத் தெரியாது.
தென்சுவர் தாண்டி, கருவேலம் தாண்டி
அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.
சித்திரை மாதம்.
ஊர்க் கிணறெல்லாம் வாய் பிளந்து கிடக்க
இது மட்டும் கழுத்துவரை.

முத்திருளாயி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.
“மனுவுக்குக் காலு மொளைக்க
இம்புட்டு வருசமாச்சாக்கும்.”
குளத்தில் என்றாவது இறங்கியிருக்கிறீர்களா?
“அங்க டிக்கெட்டு. இங்க கயிறு.”
ஆடு இரண்டு வாய் மென்ற பிறகு கேட்டார்:
“ஓட்டைய அடைச்சிட்டீகன்னா
எங்க கெணறு என்னாகும் தாயி?”

எனக்குச் சொல்லித்தந்த கணக்கில்
கசிவு என்றால் நஷ்டம்.
யாருக்கு என்று கேட்கும் கட்டம்
அளவுப் புத்தகத்தில் இல்லை.

அடைத்தேன்.
அடைக்கத்தான் சம்பளம்.
வடிகுழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில்
ஒரு சாண் வாய்.
அதற்குத்தானா இத்தனை வருஷம், என்றார் அன்வர்தீன்.
ஏழு நாள் நிரப்பிவைத்து
குச்சியில் கோடு கிழித்துக் காத்திருந்தோம்.
வெயிலின் ஒரு விரல். அதற்கு மேல் இல்லை.
சாத்தப்பன் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்.

எஸ்டிமேட்டில் இருபத்துமூன்றாவது இனமாக
தெற்குத் தெருவுக்கு ஐந்நூறு அடிக் குழாய் சேர்த்தேன்.
நீச்சல் குளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்
என்று வட்டம் போட்டுத் திரும்பி வந்தது.
கறையான் தின்ற மனுவை நகலெடுத்து
இணைத்து அனுப்பியிருக்கிறேன்.
இரண்டு மாதம் ஆகிறது.

குளத்து வாசலில் யாகப்பன்
புதுப் பலகை எழுதுகிறார்.
பெண்களுக்கு: செவ்வாய், மூன்று முதல் நான்கு.
‘மட்டும்’ என்று போடவா, என்கிறார்.
ஏணியில் அவர், கீழே நான்.
பெயின்ட் சொட்டுகிறது.

சாயங்காலம் டேப்போடு கிணற்றடிக்குப் போனேன்.
“வாடை போயிருச்சு தாயி”
என்றார் முத்திருளாயி,
கயிற்றை இன்னும் இன்னும்
விட்டுக்கொண்டே.