ஏசி நின்ற வாரம்

அல் ஐன் விதைக் கடையில்
பொட்டலத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.
முள்ளங்கி நாற்பது நாள்.
காலிஃபிளவர் தொண்ணூறு.
தொண்ணூறாம் நாள் யார் எந்த சைட்டிலோ,
வைத்துவிட்டேன்.

வெண்டை கேட்டார் சூசைமாணிக்கம்.
அது வெயிலின் ஆள், இப்போது வராது என்றேன்.
"அப்போ நான்?" என்றார்
ஸ்வெட்டருக்குள்ளிருந்து.

கோடை முழுக்க
ஏசி சொட்டி நிறைத்த வாளியை நம்பித்தான்
கேம்ப்புக்குப் பின்னால் பாத்தி கட்டினோம்.
மண் குளிர்ந்து
விரல் நுழைந்த அன்றைக்கே
ஏசியை நிறுத்திவிட்டார்கள்.
வாளிக்குள் ஒரு பல்லி,
ஏற முடியாமல்.

இனி குளித்த தண்ணீர்தான்.
சோப்பைக் குறைக்க
பதினோரு பேரும் சம்மதித்தார்கள்.
முனீருல் மட்டும்
தலையில் நுரையோடு எட்டிப் பார்த்து
கொத்தமல்லி உண்டா என்றான்.

உண்டு.
வாளியைக் கவிழ்த்தேன்.
பல்லி பாத்திப் பக்கம் ஓடியது.