மூக்குக்குத் தடையில்லை

கட்டிய பணம் திரும்ப வராது என்பதால்தான் வந்தோம்.
ஹெப்பால் மேம்பாலத்தில் நின்றுபோன பேச்சு
தேவனஹள்ளி தாண்டியும் கிளம்பவில்லை.
வேலை போனதைப் பதினோரு நாள் கழித்துச் சொன்ன மனிதர்
வண்டியை மட்டும்
அவ்வளவு கவனமாக ஓட்டினார்.

நந்தி மலைக்கு இந்தப் பக்கம்
ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகளுக்கு நடுவே
ஓர் ஓட்டுக் கொட்டகை, ஆறு நாற்காலி.
ஊற்றித் தர வந்தவருக்குக்
கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி, செருப்பில்லாத கால்.
பெயர் முனிராஜு.
சமையலறையிலிருந்து எல்லோரும் அவரைச்
சாமி என்றே கூப்பிட்டார்கள்.

"மாலை போட்டிருக்கேன் மேடம், இன்னும் ஒம்பது நாள்.
நாக்குலதான் படக்கூடாது.
மூக்குக்குத் தடையில்லைன்னு குருசாமி சொல்லிட்டார்."

தயாளன் வண்டி ஓட்ட வேண்டும்.
ஆக, முகர்வதற்கு இரண்டு ஆண்கள்,
குடிப்பதற்கு நான்.

ஐந்து கிண்ணம். ஒவ்வொன்றிலும் விரற்கடை.
முதலாவதில் கொய்யா என்றார் சாமி.
எனக்கு வந்தது
கழுவி வெயிலில் கவிழ்த்த எவர்சில்வர் குடம்.
சொன்னேன். "எழுதிக்கலாம்" என்று
நிஜமாகவே பேனாவை எடுத்தார்.

துப்புவதற்கென்று பக்கத்தில் ஒரு செம்பு.
எங்கள் வீட்டில் மருந்தைக்கூட யாரும் துப்பியதில்லை.
விழுங்கினேன்.

பள்ளியில் தமிழ் எடுக்கிறவள் நான்.
பதினாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்:
தேறல், தெளிந்த கள்.
அரசன் கொடுப்பான், பாணன் குடிப்பான்,
இரண்டு மதிப்பெண்.
நாக்கில் பட்டது இன்றைக்குத்தான்.
தெளிவு ஒன்றும் வரவில்லை,
காது மடல் சூடானது.

மூன்றாவது சிவப்பு.
மனப்பாடம் செய்ததைச் சாமி ஒப்பித்தார்,
ஓக் மரம், புகையிலை, பழைய தோல்.
சட்டென்று நிறுத்தி
"உண்மையைச் சொல்றேன் மேடம்,
எனக்கு இது எங்க மாமனார் மாட்டுக்கொட்டாய்" என்றார்.
தயாளன் சிரித்தார்.
அந்தச் சிரிப்பு பதினைந்து நாளாகக் காணாமல் போயிருந்தது,
அதில் பதினோரு நாள் எனக்குத் தெரியாமலே.
இதற்காக மன்னித்துவிட முடியாது என்று
நான்காவதைச் சீக்கிரம் முடித்தேன்.

வருடம் ஏற ஏற ருசி கூடும் என்று சாமி சொன்னபோது
ஆளுக்கொரு சன்னலைப் பார்த்தோம்.

"சாமி, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டது
என் குரல்தான்.

பாட்டில் இரண்டாயிரத்து இருநூறு.
விலைச்சீட்டைத் திருப்பி வைத்த அவர் விரலை
நான் பார்த்ததை
அவர் பார்த்தார்.

சாலையோரத்தில் நான்கு மேசை ஓட்டல்,
ராகிக் களியும் மொச்சைச் சாறும்.
உருண்டையைப் பிட்டபடி
மூணு மாசச் சம்பளம் தருவாங்க என்றார்.
அப்புறம், பயமா இருந்துச்சு என்றார்.
எதுக்கு?
உன் முகத்துக்கு.
நான் இன்னொரு கரண்டி சாறு கேட்டேன்.

இருட்டிய பிறகு
சுங்கச்சாவடிக்கு முன்னால் மறித்தார்கள்.
"ஊதி, சார்."
கன்னடத்தில் அது மரியாதையான கட்டளை.
தமிழில் வினையெச்சம்,
ஊதி, பிறகு என்ன என்று காத்து நிற்கும் சொல்.
தயாளன் ஊதினார். கருவியில் பூஜ்யம்.
போலீஸ்காரர் குனிந்து என்னைப் பார்த்தார்,
மூக்கைத் தேய்த்துக்கொண்டு
போகச் சொன்னார்.

நூறடி தள்ளி வண்டியை ஓரங்கட்டினார் தயாளன்.
"நீ ஊது."
"என்னது?"
"அந்த மூணாவது. எப்படித்தான் இருந்துச்சுன்னு பார்க்கறேன்."

ஊதினேன்.
கண்ணை மூடி, சாமியைப் போலவே
கொஞ்சம் யோசித்து,
"மொச்சை" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலை.
இன்னொரு தடவை ஊது."