பிலவாய்

அதற்கு நான் கண் வைக்கவில்லை.
வைத்திருந்தால் ஷிப்லி அதில் தீப்பந்தம் எறிவான்,
போன கிழமை கல்பூதத்தை அப்படித்தான் முடித்தான்.
ஆகவே நெற்றியிலிருந்து மார்பு வரை
பறைத்தோல் போல ஒரு சவ்வு.
மண்வெட்டி அகலத்தில் கை, நான்கு.
உயிர்ப்புள்ளி நூற்றுப் பன்னிரண்டு.
விழுந்த காலடி கேட்கும்.
விழப்போகும் காலடியும் கேட்கும் என்று
பென்சிலால் பிறகு சேர்த்தேன்.
பாறையைத் தின்னும். தின்ற இடம் வழியாகும்.
மூன்று மாதமாய் அவர்கள் நடந்த சுரங்கமெல்லாம்
அதன் பழைய சாப்பாடு.

உட்துறைமுக வீதி,
யூஜினின் படகு எஞ்சின் கடைப் பின்னறை.
சனி இரவு. ஷட்டர் பாதி.
கார்புரேட்டர் கழற்றிய மேசையைத் துடைத்து
பாதாளத்தை விரிப்பேன்:
நான்கு கலண்டர் தாளின் முதுகு,
கோதுமை மாப் பசையால் ஒட்டியது.
இருபது முகப் பகடை ஸ்கார்பரோவிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று,
அதுவும் மாசியில் கானுக்குள் போயிற்று.
இப்போது டம்போலாப் பை,
ஒன்று முதல் இருபது வரை வில்லைகள்.
பதினேழு தொலைந்த வில்லை,
அதற்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான்.

யூஜின் மந்திரக்காரி.
ஆறடி உடம்பும் கிறீஸ் கையுமாய்
"கூந்தலை அவிழ்க்கிறன்" என்பான், ஒருவரும் சிரிப்பதில்லை.
ஷிப்லி கோடரிக் குள்ளன்,
பகலில் மூதூரில் கணிதம் படிப்பிக்கிறவன்.
கேதாரணி வங்கியில் காசாளர், இங்கே கள்ளி.
அவள் நடந்தால் ஓசை வராது,
அவளுடைய தாளில் அப்படித்தான் இருக்கிறது.
பிலவாயைச் செய்யும்போது
எனக்கு அந்தத் தாள்தான் நினைவில்.

அன்று கடைசிப் படி.
"சுவரில காது வைக்கிறன்" என்றாள்.
பொத்தான் வந்தது.
"மெல்லுற சத்தம்" என்றேன்,
"பிறகு நிக்குது. அதுவும் நெற்றியைச் சுவரில வைக்குது.
நடுவில ஒரு முழம் கல்."

கரன்ட் போனது.

காற்றுக்காக வெளியே வந்தோம்.
துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு மட்டும் வெளிச்சம்.
பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியை நாலாய்ப் பிரித்தான் யூஜின்,
டீசல் விலை சொன்னான்.
திரும்பக் குனிந்து உள்ளே போனபோது
போன் வெளிச்சத்தில் இரண்டு பச்சைக் கண்.

மான்.
காது கிழிந்த கோட்டை மான்,
பஸ் நிலையத்து லஞ்ச் சீற் தின்று வளர்ந்த பரம்பரை.
வாயில் தொங்கியது எங்கள் மூன்றாம் தளம்.
"ஏய்!" என்றான் ஷிப்லி. அது அவசரப்படவில்லை.
எலும்புப் பாலம், உப்பு ஆறு,
மூன்று இரவாய் நான் கீறிய நாற்பத்தொரு அறை,
பசை ருசித்திருக்க வேண்டும்,
மென்று முடித்துத் தலை தாழ்த்தி
ஷட்டரில் கொம்பு தட்டப் போனது.

மிஞ்சியது ஒரு மூலை.
'வெளியே' என்று எழுதிய அம்புக்குறி.

"அப்ப அந்தச் சாமான் எங்க?" என்றான் யூஜின்.
"மான்ர வயித்துக்குள்ள" என்றான் ஷிப்லி,
"அங்கயும் நாலு அறை இருக்கு."
சிரித்தோம்.
கேதாரணி சிரிக்கவில்லை.
"கடதாசிதானே போனது,
நான் இன்னும் காது வைச்சபடி நிக்கிறன்."

மெழுகுதிரி வேண்டாம் என்றவளும் அவள்தான்.
இருட்டில் உட்கார்ந்தோம்.
ஆறு இடப்பக்கம் என்றான் ஒருவன்,
காலுக்குக் கீழே என்றான் மற்றவன்.
கீறிய எனக்கே தெரியவில்லை,
தெரிந்த குரலில் பேசினேன்.
கண்ணில்லாத அதற்கும் எங்களுக்கும் இனி வித்தியாசம்
நூற்றுப் பன்னிரண்டு புள்ளி.

"தட்டுறன்" என்றாள்.
விரலை மடக்கி மேசையில் மூன்று தரம்.

அது தின்னுமா, திரும்பத் தட்டுமா?
பைக்குள் கைவிட்டேன்.
வில்லையெல்லாம் ஒரே வழவழப்பு,
இருட்டில் கைக்குப் பெயர் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று:
நான்கு துளை.
தேடித்தான் எடுத்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து
மெதுவாய்
மூன்று தரம் தட்டினேன்.

யூஜின் கதிரையோடு பின்னால் விழுந்தான்.