கிவிலம்பி தீயணைப்புப் படை, 1908

நூலகத்து மாடிப்படித் திருப்பத்தில்
ஒரு புகைப்படம் மாட்டினேன்.
பிப்ரவரி மாதம், மேகம் மூடிய பகல்.
பதினான்கு மீசை, ஒரு கைப்பம்பு, ஒரு குதிரை.
கீழே வெள்ளைத்தாள் ஒட்டி
நூலில் பென்சில் தொங்கவிட்டு எழுதினேன்:
"இவர்களில் யாரையாவது தெரியுமா?"

தெரியாது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள்.
தெரியாது என்று சொல்ல
இத்தனை வழி இருப்பது எனக்குத் தெரியாது.

"நான்காவது மீசைக்குத்
தனியாகப் பட்டா வாங்கியிருக்க வேண்டும்."
"சம்பளம் வந்தது குதிரைக்கு மட்டும்தான். முகத்தைப் பாருங்கள்."
"மூன்றாவது ஆள் என் மைத்துனன்.
போன வாரம் கடன் கேட்டான். அப்போதும் இதே முகம்."

செவ்வாய்க்கிழமை, பள்ளிப் பையை இறக்காமலே
தைமி கண்டுபிடித்தாள்:
படைக்குப் பின்னால், ஒரு கூரைக்கு மேலே
புகை.

மாலைக்குள் தாள் நிரம்பிவிட்டது.
வீடு பற்றி எரியும்போது
சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம்,
படம் எடுத்துக்கொண்டவர்களை
இப்போதுதான் பார்க்கிறோம்.
"கொஞ்சம் பொறு நெருப்பே, இன்னும் ஒரே ஒரு படம்!"

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற யல்மரி
கையுறையைக் கழற்றாமல் எழுதினார், கோணல் கோணலாக:
"முட்டாள்களே, அது சவுனா.
உள்ளே யாரோ நீராவி ஏற்றிவிட்டார்கள்.
இது வரிசையில் நிற்கிற முகம்."
ஒரு நாள் முழுக்க யாரும் பென்சிலைத் தொடவில்லை.
சவுனா விஷயத்தில் எங்கள் ஊரில் கேலி கிடையாது.

அந்தக் காலத்தில் ஏன் சிரிக்கவில்லை என்று
அடுத்த சண்டை.
கேமரா மெதுவானது என்றார் மருந்துக்கடை ஹில்க்கா.
பல் இல்லை என்றார் பல் மருத்துவர்.
இப்போது மட்டும் யார் சிரிக்கிறார்களாம் என்று
ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தை நோக்கி
யாரோ அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

மேலதிகாரி எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்.
ரப்பரோடு போனேன்.
எழுத்துப்பிழைகளை மட்டும் அழித்தேன்.

குனிந்தபோதுதான் பார்த்தேன்.
வலது ஓரத்தில், கறை என்று
நான் இத்தனை நாள் நினைத்திருந்ததற்கு
இரண்டு பூட்ஸ் இருந்தன.
பூட்ஸ் தெளிவு. பொத்தான்கள் தெளிவு.
கழுத்துக்கு மேலே மட்டும்
பால் கலங்கினாற்போல் ஓர் அசைவு.
தும்மலாகவும் இருக்கலாம்.
சிரிப்பு என்றே வைத்துக்கொண்டேன்.
அடக்கியவர்களுக்கெல்லாம் முகம் கிடைத்திருக்கிறது.
இந்த ஆளுக்கு மட்டும் இல்லை.
எதைப் பார்த்துச் சிரித்தாரோ,
அந்த நான்காவது மீசையாக இருக்கலாம்.

புதுத் தாள் ஒட்டினேன்.
கேள்வியை மாற்றவில்லை.
முதல் வரியில் நானே எழுதினேன்:
"வலது ஓரம். இவரைத் தெரியும்."