உபயம்

புகார்ப் பெட்டியை
கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தவர்கள்
போட்டோவில் விழுகிற உயரத்தில்
அடித்துவிட்டுப் போனார்கள்.
அஞ்சாம் வகுப்பு நெட்டைப் பசங்களுக்கே
குதித்தால்தான் எட்டும்.
ஒரு சனிக்கிழமை
வீட்டுச் சுத்தியலைக் கொண்டுபோய்
என் இடுப்புக்குக் கீழே இறக்கி அடித்தேன்.
பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது.
மற்றபடி செலவில்லை.

முதல் வாரம் வந்தவை:
ரப்பரைத் திருப்பித் தரல.
ஷூ கடிக்குது.
ஜீவிதா எங்க அப்பா பேரச் சொல்லிக் கூப்புடுறா.
அடியில்
எட்டாக மடித்த ஒரு காகிதம்.
பிரித்தேன், பிரித்தேன்,
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை இன்னொன்று.
அதற்கடுத்த புதனும்.
"வெத்துப் பேப்பருக்கு
என்ன நடவடிக்கைம்மா எடுக்கறது?"
என்றார் ஹெச்.எம். அற்புதராஜ்.
எழுதத் தெரியாத கை
வேறெதைத்தான் போடும்?

அந்த மூன்று வாரமும்
எல்லோரையும் சந்தேகப்பட்டேன்.
வேன் டிரைவரை, கராத்தே மாஸ்டரை,
மறந்துபோன டிபனைக் கொண்டுவந்து கொடுத்த
என் வீட்டுக்காரரைக்கூட ஒரு நிமிஷம்.
கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்,
ஒன்றாம் வகுப்புக்கு எட்டும்படி.

அந்தக் குழந்தையின் பெயர்
இந்தக் கவிதையில் இல்லை.
எந்த வகுப்பு, பெண்ணா பையனா,
அம்மா தறிக்குப் போகிறாளா
தீப்பெட்டிக் கம்பெனிக்கா, எதுவும் இல்லை.
கௌண்டன்யா ஓரத்துப் பள்ளி
என்பதுவரை சொல்லலாம்.
குடியாத்தத்தில் ஆற்றோரம் நீளம்.
நல்லவேளை, தமிழில்
குழந்தை வந்தது, குழந்தை உட்கார்ந்தது என்று
அஃறிணையில் சொல்லிவிட முடிகிறது.
பத்தொன்பது வருஷம் இலக்கணம் நடத்தியிருக்கிறேன்,
அதன் உபயோகம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்தது. உட்கார்ந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பதிலை வாயில் ஊட்டாதீர்கள் என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.
அதுவும் உரித்தது.
பாதித் தட்டு நிரம்பிய பிறகு
தலையைத் தூக்காமல்
விரலை மட்டும் தூக்கி
சுற்றுகிற ஃபேனைக் காட்டியது.

மூன்று இறக்கையிலும் சிவப்புப் பெயிண்டில்
'உபயம்' போட்டு ஒரு பெயர்.
செவ்வாய்தோறும் மிட்டாய்ப் பையோடு வருகிறவர்.
ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடியேற்றுகிறவர்.
சுற்றும்போது படிக்க முடியாது,
சிவப்பாய் ஒரு வட்டம் தெரியும், அவ்வளவுதான்.
அதன் கீழேதான் நாங்கள் எல்லோரும்
இத்தனை நாள் காற்று வாங்கினோம்.

மீதி அது சொன்னதை
எழுதவேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்தேன்.
இங்கே இல்லை.

"பெரிய மனுஷன்மா. நாம முதல்ல விசாரிச்சுட்டு..."
விசாரிக்கறது நம்ம வேலை இல்ல சார்,
தெரிவிக்கறதுதான்.
1098.
காம்பவுண்டுச் சுவரில் மஞ்சள் பெயிண்டில்
நானே எழுதிய எண்.
ஒருநாளும் அழுத்திப் பார்த்ததில்லை.
இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

அப்புறம் நிறைய நடந்தது.
சீருடை போடாமல் வந்த பெண் போலீஸ்.
என் வீட்டெதிரே பைக்கை நிறுத்தி
ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனவர்கள்.
டி.சி. வாங்கிப்போன பதினோரு பிள்ளைகள்.
அவருடைய ஆட்கள் ஏணியோடு வந்து
ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
எங்கள் பக்கத்து ஏப்ரல் எப்படி என்று தெரியுமல்லவா,
பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டே
ஏழாம் வாய்ப்பாடு சொன்னோம்.
கேஸ் வேலூர் கோர்ட்டில்
வாய்தாமேல் வாய்தா.

போன வாரம் பெட்டியைத் திறந்தால்
எட்டு மடிப்பு.
நின்றுகொண்டு பிரிக்கத் தெம்பில்லை,
படியில் உட்கார்ந்து பிரித்தேன்.
கோணல்மாணலாய்,
புள்ளி வைக்க மறந்து,
'முடடை சின்னது.'

நேரே சத்துணவுக் கூடத்துக்குப் போய்
சண்டை பிடித்தேன்.
"கோழியத்தான் கேக்கணும் டீச்சர்"
என்றாள் சற்குணம்.
பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு,
"ஆமா, எந்தப் புள்ள சொல்லிச்சு?"

"பெட்டி," என்றேன்.