எதிலிருந்து ஐந்து

நண்டுக்கு இடது கண் எரியவில்லை.
வலது கண் எரிகிறது,
அழுது முடித்தவன் கண்போலச் சிவப்பாக.
சனி இரவு பதினொன்று நாற்பது.
நாளைக் காலை பத்து மணிக்குப்
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கறுப்புக் கோட்டின்மேல் அது ஓடியாக வேண்டும்.

ஹசிந்தாவின் சமையலறை மேசை.
மீன்சந்தைக் கணக்கு நோட்டுகளை ஓரம் தள்ளியிருக்கிறாள்.
ஜன்னலுக்குக் கீழே வால்பரைசோ
சரிவு சரிவாய் விளக்கேற்றிக்கொண்டு
துறைமுகம்வரை இறங்குகிறது.
அத்தனை விளக்கு எரிகிற ஊரில்
ஐந்து மில்லிமீட்டர் விளக்கு ஒன்றுக்காக
இரண்டு பேர் குனிந்து கிடக்கிறோம்.

"காலை மாற்றி வைத்திருப்பாய்" என்றாள்.
நீளக் கால் பாசிட்டிவ். எனக்குத் தெரியும்.
தெரிந்தும் பிடுங்கித் திருப்பி வைத்தேன்.
இல்லை.
பொட்டலத்திலிருந்து புதுசு ஒன்று.
இல்லை.
மின்தடை: சிவப்பு, சிவப்பு, பழுப்பு.
இருநூற்றிருபது ஓம், சரிதான்.
மீட்டரின் இரண்டு முள்ளையும்
எல்இடியின் இரண்டு காலில் வைத்தால்
மின்மினிக் குஞ்சுபோல மங்கலாய் விழிக்கிறது.
அப்போ கண்ணில் கோளாறு இல்லை.

"உன் பற்றவைப்பு" என்றாள்.
"உன் புரோகிராம்" என்றேன்.
போன மாதம் ஏழாம் பின்னை
ஒன்பதென்று எழுதிய கை அது.
அவள் மறந்திருப்பாள்; நான் மறக்கவில்லை.
திரையைத் திருப்பிக் காட்டினாள்: ஏழு.
நான் ஈயத்தை மறுபடி உருக்கினேன்.
புகை எங்கள் நடுவில் எழுந்து
யார் பக்கம் சாய்வதென்று சற்று நின்றது.

ஒரு மணி.
தற்செயலாய் வயரைத் தொட்டேன்;
இடது கண் நடுங்கி எரிந்தது.
விரலை எடுத்தேன்; அணைந்தது.
"பேய்" என்றேன்.
"பேயும் இல்லை கீயும் இல்லை, லௌதாரோ. தொடாதே."
"தொடாமல் எரியாதே."
"போட்டியில் விரலை வைத்துக்கொண்டு கூடவே ஓடுவாயா?"
ஓடுவேன் என்றுதான் நினைத்தேன்.

மீட்டரைப் பிடுங்கிக்கொண்டாள்.
கறுப்பு முள்ளைத் தன் பேட்டரியின் மைனசில் ஊன்றி
ஏழாம் பின்னைத் தொட்டாள்: ஐந்து.
கறுப்பு முள்ளை என் பேட்டரிக்கு நகர்த்தினாள்.
எண் அலைந்தது. ஒன்று, சைபர், மூன்று, மைனஸ் ஒன்று,
பைக்குள் சில்லறை தேடும் விரல்போல.
"ஐந்து என்றால்" மெல்லக் கேட்டாள்,
"எதிலிருந்து ஐந்து?"

எனக்கு உறைத்தது.
பன்னிரண்டு வருஷமாய் இந்தக் குன்றில் விஞ்ச் ஓட்டுகிறேன்.
சுற்றுலாக்காரர்கள் கேட்பார்கள், எவ்வளவு உயரம்?
நாற்பத்தெட்டு மீட்டர் என்பேன்.
கீழ் ஸ்டேஷனிலிருந்து என்று சொல்வதில்லை.
கடலிலிருந்து என்றால் வேறு எண்.
மேலே குடியிருப்பவர்களுக்கு அது வெறும் வாசல்படி.

மூளை அவள் வீட்டில் ஆனது, அவள் பேட்டரியில்.
கால்கள் என் வீட்டில், என் பேட்டரியில்.
அங்கங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
நேற்றுதான் ஒரே உடம்பில் திருகினோம்.
மூளைப் பலகையில் இடமில்லையென்று
இடது கண் மட்டும் என் பக்கம் வந்தது.
அவள் ஐந்து அனுப்பிக்கொண்டேதான் இருந்தாள்;
எந்தத் தரையிலிருந்து என்று
என் பக்கத்துக்குத் தெரியவில்லை.

விரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர்,
அவள் மைனசிலிருந்து என் மைனசுக்கு.
இரண்டு சொட்டு ஈயம்.
கண் எரிந்தது.
கூடவே, யாரும் கேட்காமலே,
நான்கு சக்கரமும் சுழன்று
நண்டு பின்புறமாய் மேசை விளிம்புக்குப் பாய,
ஹசிந்தா மடியை ஏந்திப் பிடித்தாள்.

அந்தக் கண்ணும் அவள் பலகையிலேயே இருந்து
ஒழுங்காய் எரிந்திருந்தால்,
கால் நகராதென்பது
நாளைப் பத்து மணிக்குத்தான் தெரிந்திருக்கும்.
"பார்த்தாயா, நாம் இரண்டு பேரும்..." என்று தொடங்கினேன்.
"அது வயர்" என்றாள். "வயர் மட்டும்தான்.
சக்கரம் ஏன் பின்னால் சுற்றுகிறது, அதைப் பார்."